வாசிலி காண்டின்ஸ்கி

வாசிலி காண்டின்ஸ்கி (டிசம்பர் 16, 1866 – டிசம்பர் 13, 1944) ரஷ்யாவில் பிறந்த ஓவியரும் கலைக் கோட்பாட்டாளரும் ஆவார். இவர் அரூப ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

இளமை

மாஸ்கோவில் பிறந்த இவர் ஒடெசாவில் வளர்ந்தார். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சட்டமும் பொருளியலும் பயின்றார். கண்காட்சி ஒன்றில் குளோட் மொனே வரைந்த வைக்கோற்போர் ஓவியத்தைக் கண்டபோது, அது எப்பொருளைக் காட்டுகிறது என்பது இவருக்கு முதலில் விளங்கவில்லை. ஆயினும் அதன் நிறங்கள் இவர் மனத்தில் ஆழப் பதிந்தன. பொருள் புலப்படாமலேயே ஓர் ஓவியம் மனத்தைத் தொடமுடியும் என்ற எண்ணத்துக்கு இது வித்திட்டது. 1896 இல், தமக்கு வந்த பேராசிரியர் பதவியை மறுத்து, ஓவியம் பயில மியூனிக் நகருக்குச் சென்றார். 1911 இல் பிரான்ஸ் மார்க்குடன் இணைந்து "நீலக் குதிரைவீரன்" என்னும் கலைக்குழுவைத் தொடங்கினார்.

நிறமும் வடிவமும்

1911 இறுதியில் "கலையில் ஆன்மிகம் குறித்து" என்னும் இவரது நூல் வெளியானது. அதன்படி, மஞ்சள் பார்ப்பவரை நோக்கி முன்வருவது. நீலம் விலகி உள்ளொடுங்குவது. மஞ்சளை எக்காளத்தின் ஒலிக்கும், இளநீலத்தைப் புல்லாங்குழலுக்கும், கருநீலத்தைச் செல்லோவுக்கும் ஒப்பிட்டார். கூர்மையான வடிவங்களில் மஞ்சளும், வட்ட வடிவங்களில் நீலமும் வலுப்பெறும் என்பது இவர் கருத்து.

ஓவியங்கள்

1911 சனவரியில் ஆர்னோல்டு ஷொன்பெர்க்கின் இசை நிகழ்ச்சியைக் கேட்டபின் "இம்ப்ரெஷன் 3 (கச்சேரி)" என்னும் ஓவியத்தை வரைந்தார். இதிலுள்ள கரிய வடிவம் பியானோவையும், வளைகோடுகள் அவையோரையும் குறிக்கின்றன. படத்தில் பரந்து கிடக்கும் மஞ்சள் எப்பொருளையும் குறிப்பதன்று. அது இசை எழுப்பிய உணர்வாகவே கொள்ளப்படுகிறது.

1913 இல் வரைந்த "காம்போசிஷன் 7" 2 மீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமும் உடையது. ஊழிவெள்ளம், இறுதித் தீர்ப்பு ஆகிய கிறித்தவக் கருப்பொருள்களின் சாயலை ஆய்வாளர் இதில் காண்கின்றனர். சுழன்று மோதும் வடிவங்கள் குழப்பமாகத் தோன்றினும், இவர் இதற்கென 30க்கு மேற்பட்ட முன்வரைவுகளைச் செய்திருந்தார்.

பிற்காலம்

முதல் உலகப்போர் தொடங்கியதும் 1914 இல் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. 1921 இல் திரும்பிவந்து, 1922 முதல் 1933 வரை பௌஹவுஸ் கலைப்பள்ளியில் கற்பித்தார். நாசி ஆட்சியில் அப்பள்ளி மூடப்பட்டதால் பாரிசுக்கு அருகிலுள்ள நொய்யியில் குடியேறினார். 1937 இல் ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து இவரது 57 படைப்புகள் பறிமுதல் செய்யப்பட்டன. அவற்றுட் சில, இவர் ஓவியம் பயின்ற மியூனிக் நகரிலேயே "சீரழிந்த கலை" என்ற பெயரில் இகழ்ச்சிக்காகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1939 இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற இவர், 1944 இல் நொய்யியில் காலமானார். 1957 இல் ஓவியர் கேப்ரியேல் முன்டர், தாம் பாதுகாத்து வைத்திருந்த இவரது ஓவியங்களை மியூனிக்கின் லென்பாக் அருங்காட்சியகத்துக்கு வழங்கினார்.