62 வயதில் உண்மையைச் சொன்னார்!
அடிமைக் கப்பலின் கேப்டன் பாதிரியார் ஆன கதை

1788-ம் ஆண்டு லண்டன் நகரில் ஒரு சிறு புத்தகம் வெளிவந்தது.

ஆப்பிரிக்காவில் மனிதர்களைப் பிடித்து, கப்பலில் ஏற்றி, ஆடு மாடுகளைப் போல விற்கும் வியாபாரத்தைப் பற்றிய புத்தகம் அது. கப்பலுக்குள் அவர்கள் எப்படி அடைக்கப்பட்டார்கள், எப்படிச் செத்தார்கள் என்று அதில் விவரமாக எழுதியிருந்தது.

எழுதியவர் ஒரு பாதிரியார். பெயர் ஜான் நியூட்டன். வயது 62.

பாதிரியாருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பிறர் சொல்லக் கேட்டு அவர் எழுதவில்லை. ஒரு காலத்தில் அவரே அடிமைக் கப்பலின் கேப்டனாக இருந்தவர்!

தாயை இழந்த பிள்ளை

நியூட்டன் 1725-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். தகப்பனார் கப்பல் கேப்டன். ஆகவே, அவர் பெரும்பாலும் கடலிலேயே இருப்பார்.

தாயார் தெய்வபக்தி மிக்கவர். மகனுக்கு எழுத்தும் பைபிளும் கற்றுக்கொடுத்தார். மகன் பாதிரியாராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆனால் மகனுக்கு 7 வயது நிரம்பும் முன்பே காசநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

11 வயதில் நியூட்டன் தகப்பனாருடன் கப்பல் ஏறினார். கெட்ட பழக்கங்கள் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டன. கடவுள் இல்லை என்று கேலி பேசினார்.

அந்தக் காலத்தில், பிரிட்டிஷ் கடற்படைக்கு ஆள் தேவைப்பட்டால் வாலிபர்களைப் பலவந்தமாகப் பிடித்துச் செல்வார்கள். 1744-ல் நியூட்டனும் அப்படிப் பிடிபட்டார். தப்பி ஓடினார். மறுபடியும் அகப்பட்டார். எல்லோர் முன்னிலையிலும் சவுக்கடி கிடைத்தது.

சோறு கொடுத்த கைகள்

பிறகு அவர் மேற்கு ஆப்பிரிக்கா போனார். அங்கே அடிமை வியாபாரி ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வீட்டில் அவரை நாயினும் கேவலமாக நடத்தினார்கள். காய்ச்சலில் கிடந்தபோது குடிக்கத் தண்ணீர் கிடைப்பதே அரிதாக இருந்தது. பசி தாங்காமல் பச்சைக் கிழங்கைத் தோண்டித் தின்றார்.

அப்போது அவருக்கு இரக்கம் காட்டியவர்கள் யார் தெரியுமா? சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடந்த அடிமைகள்தான்! தங்களுக்குக் கிடைத்த கொஞ்சச் சாப்பாட்டில் ஒரு பங்கை அவருக்கு ரகசியமாகக் கொடுத்தார்கள்.

அந்தச் சோற்றைத் தின்று உயிர் பிழைத்தவர், பின்னால் அதே மக்களைச் சங்கிலியில் கட்டி ஏற்றிச் சென்றார். அதுதான் இந்தக் கதையின் கொடுமை.

நள்ளிரவில் புயல்

தகப்பனார் மகனைத் தேடச் சொல்லியிருந்தார். ஒரு வியாபாரக் கப்பல் நியூட்டனைக் கண்டுபிடித்து ஏற்றிக்கொண்டது. அந்தக் கப்பல் 1748-ம் ஆண்டு மார்ச் மாதம் அட்லாண்டிக் கடலில் புயலில் சிக்கியது.

பக்கத்துப் பலகைகள் பிளந்தன. உள்ளே தண்ணீர் புகுந்தது. மேல்தளத்துக்கு ஓடிய ஒருவரை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. நியூட்டன் மணிக்கணக்கில் பம்ப் அடித்துத் தண்ணீரை வெளியேற்றினார். கை சோர்ந்தபோது சுக்கான் பிடித்தார்.

கடவுளைக் கேலி செய்த வாய் அன்று ஜெபம் செய்தது. வாரக்கணக்கில் தத்தளித்த கப்பல், கடைசியில் அயர்லாந்துக் கரை சேர்ந்தது. அந்த மார்ச் 21-ந் தேதியை நியூட்டன் சாகும் வரையில் மறக்கவில்லை. ஆண்டுதோறும் அன்று கடவுளுக்கு நன்றி செலுத்தினார்.

மேலே ஜெபம், கீழே சங்கிலி

உடனே அடிமை வியாபாரத்தை விட்டுவிட்டாரா? இல்லை!

கெட்ட வார்த்தை பேசுவதை விட்டார். பைபிள் படித்தார். ஆனால் 1750 முதல் 1754 வரையில், கேப்டனாகவே 3 முறை அடிமைகளை ஏற்றப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி ஜெபம் நடத்தினார். அதே நேரத்தில், தளத்துக்குக் கீழே மனிதர்கள் விலங்கு மாட்டிக் கிடந்தார்கள். அடிமைகள் கலகம் செய்யப் போகிறார்கள் என்று சந்தேகம் வந்தபோது, சிறுவர்களின் கட்டைவிரலை இரும்புக் கருவியில் நெரித்து உண்மையைக் கேட்டார். இரவில், ஊரில் இருக்கும் மனைவி மேரிக்கு அன்பு ததும்பக் கடிதம் எழுதினார். கீழே கிடந்தவர்களும் மனைவியை, பிள்ளைகளைப் பிரிந்து வந்தவர்கள்தான் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

அன்று இங்கிலாந்தில் இதைக் கௌரவமான தொழில் என்றே நினைத்தார்கள். சட்டம் தடுக்கவில்லை. பெரும்பாலான பாதிரியார்களும் கண்டிக்கவில்லை.

1754-ல் திடீரென்று ஒரு நாள் நியூட்டன் மயங்கி விழுந்தார். இனிமேல் கடலுக்குப் போகக்கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் கப்பலை விட்டது அதனால்தான்.

பாட்டு எழுதிய பாதிரியார்

லிவர்ப்பூல் துறைமுகத்தில் சுங்க இலாகா வேலை கிடைத்தது. ஓய்வு நேரத்தில் கிரேக்க மொழியும் எபிரேய மொழியும் தாமாகவே படித்தார். தாயாரின் ஆசை 1764-ல் நிறைவேறியது. 38-வது வயதில் நியூட்டன், ஆல்னி என்ற சிற்றூரின் பாதிரியார் ஆனார்.

அங்கே லேஸ் பின்னிப் பிழைக்கும் ஏழைகள் அதிகம். அவர்களுக்குப் புரியும் எளிய சொற்களில் பாட்டுகள் எழுதினார். இன்று உலகமெங்கும் பாடப்படும் ‘அமேசிங் கிரேஸ்’ என்ற பாட்டு, 1773-ம் ஆண்டுப் புத்தாண்டுப் பிரசங்கத்துக்காக எழுதப்பட்டது.

தம் பாவங்களை அவர் பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் அடிமை வியாபாரத்துக்கு எதிராக ஊரறியப் பேசாமலே இருந்தார்.

தேடி வந்த வாலிபர்

1780-ல் நியூட்டன் லண்டன் தேவாலயம் ஒன்றுக்கு மாறினார். 1785-ம் ஆண்டு டிசம்பரில் 26 வயது வாலிபர் ஒருவர் ரகசியமாக அவரைப் பார்க்க வந்தார். அவர் வில்பர்போர்ஸ், பார்லிமெண்டு உறுப்பினர். கடவுளுக்குத் தொண்டு செய்ய அரசியலை விட்டு விலகிவிடலாமா என்று யோசனை கேட்டார்.

விலக வேண்டாம், பார்லிமெண்டில் இருந்தே தொண்டு செய்யலாம் என்று நியூட்டன் புத்தி சொன்னார். பின்னர் வில்பர்போர்ஸ் அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராட்டம் தொடங்கினார்.

போராட்டத்துக்குச் சாட்சி தேவைப்பட்டது. கண்ணால் பார்த்தவர், கையால் செய்தவர் சொன்னால்தான் நாடு நம்பும்.

நியூட்டனுக்கு அப்போது ஊரில் நல்ல பெயர். வாய் திறந்தால் அந்தப் பெயருக்கே பங்கம் வரலாம். ஆனாலும் அவர் வாய் திறந்தார். கப்பலை விட்டு 34 ஆண்டுகள் ஆகியிருந்தன.

புத்தக அலமாரியில் புத்தகங்களை அடுக்குவதுபோல மனிதர்களை நெருக்கி அடுக்கியதை எழுதினார். இருவர் இருவராக விலங்கு மாட்டியதை எழுதினார். காலையில் பார்த்தால், உயிரோடு இருப்பவன் பிணத்தோடு கட்டுண்டு கிடப்பான் என்பதையும் எழுதினார். தாமே இதைச் செய்ததற்கு வெட்கப்படுவதாகவும், இந்த ஒப்புதல் மிகவும் காலம் கடந்து வருவதாகவும் மறைக்காமல் சொன்னார்.

அந்தப் புத்தகம் பார்லிமெண்டு உறுப்பினர்கள் கைக்குப் போனது. விசாரணைக் குழுவின் முன்பும் கிழவர் நேரில் போய்ச் சாட்சி சொன்னார்.

கடைசி ஆண்டு

1790-ல் மனைவி மேரி புற்றுநோயால் இறந்தார். பிறகு நியூட்டனின் கண் பார்வை மங்கியது. ஞாபகமும் குறைந்தது. ஆனாலும் 80 வயதைத் தாண்டியும் பிரசங்கம் செய்தார்.

வில்பர்போர்ஸின் மசோதா பல முறை தோற்றது. கடைசியில் 1807-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி, பிரிட்டனில் அடிமை வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டம் வந்தது. அந்தச் செய்தியைக் கேட்க நியூட்டன் உயிரோடு இருந்தார். அதே ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி 82-வது வயதில் காலமானார்.

ஏற்கனவே விற்கப்பட்டவர்களுக்கு விடுதலை தரும் சட்டம் 1833-ல்தான் வந்தது. நியூட்டன் தம் கப்பலில் ஏற்றிச் சென்றவர்களுக்கு அவருடைய சாட்சியம் எந்தப் பயனும் தரவில்லை. அது அவருக்கும் தெரியும்.

ஆனாலும், இனிமேல் சொல்லி என்ன பயன் என்று அவர் சும்மா இருந்துவிடவில்லை. புயலடித்த இரவில் தொடங்கிய மனமாற்றம், 40 ஆண்டுகள் கழித்து, நரைத்த தலையோடு அவர் சாட்சி சொன்னபோதுதான் முழுமை பெற்றது.