லென்ஸ் விதி தந்த லென்ஸ்

முதல் வருஷம் பிஸிக்ஸ் வகுப்பில் லென்ஸ் விதி என்று சொன்னதும், மூக்குக் கண்ணாடியில் இருக்கிற லென்ஸைப் பற்றிய பாடம் என்றுதான் நான் நினைத்தேன். சிரிக்காதீர்கள், உங்களிலும் பலர் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். லென்ஸ் என்பவர் ஒரு மனிதர். விதியை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குகிற நாம், அந்த மனிதரையும் ஒரு தடவை தெரிந்துகொள்வோமே!

ஹெய்ன்ரிச் லென்ஸ் 1804-ஆம் ஆண்டு, அன்றைய ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த டோர்பட் நகரில் பிறந்தார். இன்று அது எஸ்டோனியா நாட்டில் டார்ட்டு என்ற பெயரில் உள்ளது. 13 வயதில் தகப்பனாரை இழந்தார். 1820-இல் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் வேதியியலும் இயற்பியலும் படிக்கச் சேர்ந்தார். இடையில் சமயப் படிப்புக்கும் மாறினார்.

அவருக்கு வழி திறந்தது 1823-இல். கோட்செபு என்ற கப்பல் தலைவருடன் உலகைச் சுற்றிவரக் கிளம்பினார். அப்போது வயது 19, ஏறக்குறைய நம்ம வயசு! 1826 வரை நீண்ட அந்தப் பயணத்தில், கடலின் ஆழத்திலிருந்து நீரை எடுத்து அதன் வெப்பத்தையும் உப்பின் அளவையும் அளந்தார். எதையும் அளந்து பார்த்த பிறகே முடிவு செய்யும் பழக்கம் அவருக்கு அங்கேயே வந்துவிட்டது. பின்னர் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் இடம் பெற்றார்.

1831-இல் இங்கிலாந்தில் ஃபாரடே, காந்தப்புலம் மாறினால் கம்பிச்சுருளில் கரண்ட் தோன்றுவதைக் கண்டுபிடித்தார். சரி, அந்தக் கரண்ட் எந்தப் பக்கம் ஓடும்? ஒவ்வொரு அமைப்புக்கும் தனித்தனியாக யோசிக்க வேண்டியிருந்தது. லென்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விதி சொன்னார். 1833-இல் கழகத்தில் படித்து, 1834-இல் அச்சில் வந்தது. எந்த மாற்றத்தால் கரண்ட் பிறந்ததோ, அந்த மாற்றத்தையே அது எதிர்க்கும்.

ஒரு வளையத்தை நோக்கி வடமுனையைக் கொண்டு போங்கள். வளையம் அதைத் தள்ளப் பார்க்கும். அதற்கு வளையத்தின் இந்தப் பக்கமும் வடமுனையாக வேண்டும். ஆகவே காந்தம் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் கரண்ட் இடஞ்சுழியாக ஓடும். காந்தத்தைப் பின்னால் இழுத்தால், போகவிடாமல் பிடித்து இழுக்கும். இந்தப் பக்கம் தென்முனை, கரண்ட் வலஞ்சுழி. முதலில் எதிர்ப்பு எந்தப் பக்கம் என்று பாருங்கள், பிறகு கரண்ட் தானே தெரியும்.

ஏன் எதிர்க்க வேண்டும்? எதிர்க்காமல் உதவி செய்தால், ஒரு தடவை தள்ளிய காந்தம் தானே வேகமெடுத்து ஓசியிலேயே மின்சாரம் தரும். அது நடக்காது. ஆற்றல் அழியாமை விதியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் தெளிவாக எழுதியது 1847-இல்தான். அதற்கு 13 வருஷம் முன்பே லென்ஸின் விதி வந்துவிட்டது!

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவின் பழைய சைக்கிளில் டைனமோ உண்டு. ராத்திரி அதை டயரில் சாய்த்தால் ஏன் மிதி கனக்கிறது என்று அப்பா ஒருநாள் கேட்டார். உரசல் என்று சொல்லிவிட்டேன். அது பாதி பதில்தான். பல்பு ஒயரைக் கழற்றினால் கொஞ்சம் லேசாகிறதே! பல்புக்குப் போகும் கரண்ட்தான் காந்தத்தைச் சுற்றவிடாமல் எதிர்க்கிறது. அப்பாவின் காலுக்கு அந்த விதி முன்பே தெரியும். எனக்குத்தான் புத்தகத்தில் படிக்க வேண்டியிருந்தது.

லோயர் கேம்ப் பவர் ஹவுஸிலும் இதே கதைதான். பெரியாறு அணைத் தண்ணீர் அங்கே இந்த எதிர்ப்பைத் தள்ளி ஜெனரேட்டரைச் சுற்றிவிட்டு, பிறகு வைகையில் சேர்ந்து நம்ம மதுரைப் பக்கத்து வயல்களுக்கு வருகிறது.

லென்ஸ் 1863-இல் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். 1865-இல், 60 வயதில், ரோம் நகரில் காலமானார். அடுத்த முறை பரீட்சையில் லென்ஸ் விதி எழுதும்போது, 19 வயதில் கப்பலேறிய அந்தப் பையனையும் நினைத்துக்கொள்ளுங்கள், நண்பர்களே!