விமானிகளுக்குச் சங்கம் கண்ட டேவிட் பென்கி

கட்டுநாயக்காவில் விமானமேறும் எம்மில் எவரும், இதனைச் செலுத்தப் போகின்றவர் இம்மாதத்தில் எத்தனை மணித்தியாலங்கள் பறந்துள்ளார் என்று விசாரிப்பதில்லை. அதற்கு ஏதோவொரு வரையறை இருக்கும் என்ற நம்பிக்கையில் இருக்கைப் பட்டியை மாட்டிக்கொள்கின்றோம். அவ்வரையறை எந்தக் கம்பனியும் மனமுவந்து வழங்கிய கொடையன்று. அதற்காக அமெரிக்க விமானிகள் 1930களில் சங்கம் அமைத்துப் போராட நேர்ந்தது. அப்போராட்டத்தின் தலைவராக விளங்கியவர் டேவிட் பென்கி.

விஸ்கொன்சின் மாநிலத்தின் விவசாயக் குடும்பமொன்றில் 1897இல் பிறந்த பென்கி, இளவயதிலேயே இராணுவத்திற் சேர்ந்தார். முதலாம் உலக யுத்த காலத்தில் விமானப் பயிற்றுநராகக் கடமையாற்றினார். யுத்தம் முடிந்தபின் வானில் சாகசம் காட்டிப் பிழைத்த விமானிகளுள் அவரும் ஒருவரானார். 1926இல் சிக்காகோவுக்கும் மினியாபொலிஸ் நகருக்கும் இடையே தபால் கொண்டுசெல்லும் விமானத்தைச் செலுத்தினார். தபால் விமானம் என்றால் அக்காலத்தில் யமனுடன் கூடப் பயணிப்பது போன்றதாகும். அமெரிக்கத் தபால் திணைக்களம் நேரடியாக விமானங்களை இயக்கிய சுமார் ஒன்பது ஆண்டுகளில் முப்பதுக்கு மேற்பட்ட விமானிகள் உயிரிழந்தனர். பின்னர் அவர் யுனைட்டெட் விமான சேவையின் முன்னோடியான போயிங் நிறுவனத்தில் சேர்ந்தார்.

1929இன் பொருளாதாரச் சரிவு விமானிகளையும் விட்டுவைக்கவில்லை. சம்பளம் குறைக்கப்பட்டது, பறக்கும் நேரம் கூட்டப்பட்டது. மோசமான காலநிலையில் பறக்கத் தயங்கியவர் மறுநாள் வேலையில் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இருக்கவில்லை. இராணுவத்திற் பயிற்சி பெற்ற விமானிகள் பலர் வேலையின்றி வாயிலில் காத்திருந்தமை கம்பனிகளுக்கு வாய்ப்பாயிற்று. ஆயினும் தொழிற்சங்கம் என்ற சொல்லே விமானிகளுட் பலருக்குக் கசந்தது. தம்மைக் கனவான்களாகக் கருதிய அவர்கள், நிலக்கரி வெட்டுவோருடனும் ரயில் சாரதிகளுடனும் ஒரே வரிசையில் நிற்க விரும்பவில்லை. படித்த உத்தியோகத்தரிடையே காணப்படும் இந்தக் கூச்சம் எமது நாட்டவருக்கும் புதிதன்று. பென்கி அதனைப் பொருட்படுத்தவில்லை. வேலை பறிபோகும் என்ற அச்சத்தினால் இரகசியமாகவே ஆட்சேர்ப்பு நடைபெற்றது. 1931 ஜூலையில் சிக்காகோவின் மொரிசன் ஹோட்டலில் 24 விமானிகள் கூடி விமானிகள் சங்கத்தைத் தோற்றுவித்தனர். அது உடனடியாகவே அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனத்துடன் இணைந்தது. தலைவர் பென்கி, அப்போதும் அவர் விமானத்தைச் செலுத்திக்கொண்டே இருந்தார்.

முதற் சோதனை அடுத்த ஆண்டு பெப்ரவரியில் வந்தது. மோட்டார் வாகன முதலாளியான ஈ. எல். கோர்ட், தமது செஞ்சரி விமான சேவையின் விமானிகளுக்குக் கடுமையான சம்பளக் குறைப்பை அறிவித்தார். ஏற்க மறுத்தவர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. பென்கி வொஷிங்டனுக்கு விரைந்தார். அங்கே நியூயோர்க் காங்கிரஸ் உறுப்பினர் லா கார்டியா விமானிகளின் பக்கம் நின்று பேசினார். அரசாங்கத்தின் தபால் ஒப்பந்தத்தை நாடியிருந்த கோர்ட்டுக்கு இது பெரும் பின்னடைவாயிற்று. ஏப்ரலில் அவர் நிறுவனத்தையே விற்றுவிட்டார்.

பென்கியின் மதிநுட்பம் வெளிப்பட்டது அதற்கடுத்த பிணக்கிலேயாகும். 1933இல் போயிங் 247 போன்ற வேகமிக்க விமானங்கள் சேவைக்கு வந்தன. விமானிகள் பறந்த மைல் கணக்கில் சம்பளம் பெற்றுவந்தமையால், வேகம் கூடும்போது அவர்களுடைய வருமானமும் கூடவேண்டியிருந்தது. கம்பனிகளோ மைல் கணக்கைக் கைவிட்டு மணிக்கணக்குக்கு மாற முனைந்தன. அப்படி மாறினால், இயந்திரத்தின் முன்னேற்றத்தால் விளையும் பயன் முழுவதும் முதலாளிக்கே சேரும். புதிய இயந்திரத்தின் விளைவில் தொழிலாளிக்குப் பங்குண்டா என்ற பழைய கேள்விதான் இங்கு வானில் எழுந்தது. நாடளாவிய வேலைநிறுத்தம் நிகழும் நிலையில், விவகாரம் தேசியத் தொழில் சபையின் முன் சென்றது. 1934 மே மாதம் வெளியான 83ஆம் இலக்கத் தீர்ப்பு, அடிப்படைச் சம்பளம், மணிக்கணக்கு, மைல் கணக்கு ஆகிய மூன்றையும் இணைத்ததுடன், மாதமொன்றுக்கு 85 மணித்தியாலங்களே பறக்கலாம் என்றும் வரையறுத்தது. அரசாங்க விதிகள் அதற்குமுன் இதனிலும் மிக அதிகமான நேரத்தை அனுமதித்திருந்தன. களைத்த விமானி பயணிக்கும் ஆபத்து என்ற வாதத்தைப் பென்கி சம்பளக் கோரிக்கையுடன் பிரிக்க முடியாதவாறு பிணைத்திருந்தார். 2009 பெப்ரவரியில் பஃபலோ நகருக்கருகே விமானமொன்று வீழ்ந்து 50 பேர் மாண்டபோது, விமானிகளின் களைப்பும் சொற்பச் சம்பளமும் மீண்டும் விசாரணையிற் பேசப்பட்டன.

அதே 1934இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தனியார் தபால் ஒப்பந்தங்களை இரத்துச் செய்தபோது, கம்பனிகளின் சீற்றத்தையும் மீறிப் பென்கி அவரை ஆதரித்தார். புதிய தபால் சட்டத்தில் 83ஆம் இலக்கத் தீர்ப்பு நிபந்தனையாகச் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பரில் பென்கி செலுத்திய விமானம் சிக்காகோவுக்கு அண்மையில் வீழ்ந்தது, அவர் படுகாயமடைந்தார். அதன்பின் சங்கப் பணியே அவரது முழுநேரத் தொழிலாயிற்று. ரயில்வே தொழிலாளர் சட்டம் 1936இல் விமான சேவைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. 1938இன் சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டத்திலும் தீர்ப்பு இடம்பிடித்தது. 1939இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் நிறுவனத்துடன் முதலாவது கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தானது.

இத்தனை நியாயம் பேசிய சங்கத்தின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். சென்ட்ரல் எயார்லைன்ஸ் 1934இன் இறுதியில் வேலைக்கமர்த்திய பெண் விமானி ஹெலன் ரிச்சிக்குச் சங்கம் உறுப்புரிமை மறுத்தது. ஓராண்டு நிறையுமுன் அவர் பதவி விலகினார். சங்கத்தின் தொடக்ககால விதிகள் கறுப்பினத்தவரையும் விலக்கி வைத்திருந்தன. வேலைக்காக வழக்காடிய கறுப்பின விமானி மார்லன் கிறீனுக்கு உச்ச நீதிமன்றத்தில் நீதி கிடைத்தபோது ஆண்டு 1963. இது அக்காலத்தின் குற்றம் என்று பென்கியை முற்றாக விடுவிக்க எம்மால் இயலவில்லை.

யுத்தத்தின் பின் சங்கம் வளர்ந்தது, தலைவர் மாறவில்லை. ஒவ்வொரு கடிதமும் தம் பார்வையைக் கடந்தே செல்லவேண்டும் என்று அவர் பிடிவாதமாயிருந்தார். பிறரின் வேலைநேரத்துக்கு எல்லை வகுத்தவர் தமது வேலைநேரத்துக்கு எல்லை வகுக்கவில்லை; உடல்நலமும் குன்றியது. ஒப்பந்தப் பேச்சுகள் தேங்கின. தலைமையகத்திற் பணிபுரிந்தோரின் மனக்குறைகளும் பெருகின. மிட்வே விமான நிலையத்தருகே சங்கத்துக்கெனச் சொந்தக் கட்டடம் எழுப்புவதிலோ அவர் பேரார்வம் காட்டினார். 1951இல் விமானிகளே ஒன்றுகூடி அவரைப் பதவி நீக்கி, கிளாரன்ஸ் சேயன் என்ற இளைஞரைத் தலைவராக்கினர். பென்கி பணியவில்லை. தாம் பெற்றெடுத்த சங்கத்துக்கு எதிராக நீதிமன்றப் படியேறினார், தோற்றார். 1953 ஏப்ரலில், ஐம்பத்தாறாவது பிறந்த நாளுக்குச் சில வாரங்களே இருக்கையில், அவர் காலமானார்.