கார்லோ அபார்த்

பெரியனவற்றைப் படைத்துப் புகழ் பெற்றோர் உலகில் பலர். சிறியதொன்றை எடுத்து, அதனுள் மறைந்து கிடந்த ஆற்றலை வெளிக்கொணர்ந்து புகழ் பெற்றோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் கார்லோ அபார்த். எளிய குடும்பத்தினர் கடைத்தெருவுக்கும் தொழிற்சாலைக்கும் சென்றுவரப் பயன்பட்ட இத்தாலியச் சிறு கார்களைப் பந்தயக் களத்தில் வெற்றிவாகை சூடச் செய்தவர் அவர்.

அபார்த் 1908-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கார்ல் என்பது. அவர்தம் முன்னோர் மெரானோ என்னும் மலைநாட்டு ஊரைச் சேர்ந்தவர்கள். முதல் உலகப் போருக்குப் பின்னர் அவ்வூர் இத்தாலியுடன் இணைந்தது. இளமையிலேயே அபார்த்தின் உள்ளம் இயந்திரங்களிற் படிந்தது. பட்டறைகளில் தொழில் பயின்றார். மோட்டார் சைக்கிள்களைப் பிரித்தும் பூட்டியும் அவற்றின் நுட்பங்களை ஐயமறக் கற்றார். பின்னர்ப் பந்தயங்களில் தாமே ஓட்டிப் பரிசுகள் பல பெற்றார்.

ஒரு பந்தயத்தின்போது நேர்ந்த விபத்து அவரைப் படுக்கையிற் கிடத்தியது. எனினும் அவர் ஊக்கம் குன்றவில்லை. உடல் தேறியதும், பக்கப் பெட்டி இணைத்த மோட்டார் சைக்கிளைத் தம் கருத்துப்படி அமைத்துக்கொண்டு மீண்டும் களம் புகுந்தார். 1934-இல் பெல்ஜிய நாட்டு ஒஸ்டெண்டுக்கும் வியன்னாவுக்கும் இடையே, 1300 கிலோமீட்டருக்கும் மிகுந்த தொலைவில், புகழ்பெற்ற ஓரியண்ட் விரைவு இரயிலோடு போட்டியிட்டு வென்றார். ஆயினும் ஊழ் அவரை மீண்டும் சோதித்தது. இரண்டாம் உலகப் போர் மூளவிருந்த காலத்தில், யூகோஸ்லாவியாவில் நிகழ்ந்த மற்றொரு கொடிய விபத்து அவருடைய மோட்டார் சைக்கிள் பந்தய வாழ்வுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

போர் முடிந்தபின் அபார்த் முன்னோர் வாழ்ந்த மெரானோவிற் குடியேறினார். இத்தாலியக் குடிமகனாகிக் கார்லோ என்று பெயர் கொண்டார். சிசித்தாலியா என்னும் கார் நிறுவனத்தில் பந்தயப் பிரிவின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் அந்நிறுவனம் தன் வருவாய்க்கு மீறிய செலவுகளை மேற்கொண்டு 1949-இல் நிலைகுலைந்தது. அபார்த்துக்குக் கிடைத்தவை சில பந்தயக் கார்களும் உதிரி உறுப்புகளுமே. அப்போது அவருக்கு வயது 40. அந்நிலையிலும் அவர் சோர்ந்து அமரவில்லை. அவ்வாண்டு மார்ச் 31-ஆம் நாள், அர்மாண்டோ ஸ்காலியாரினி என்பவரின் துணையோடு, தம் பெயரிலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். மேனாட்டார் கணக்கின்படி அவர் பிறந்தது விருச்சிக ராசி. ஆகவே தேளையே நிறுவனத்தின் முத்திரையாக அமைத்துக்கொண்டார். உருவில் சிறிதாயினும் கொடுக்கில் வலிமை கொண்ட அவ்வுயிர், அவருடைய கார்களுக்குப் பொருத்தமான சின்னமாயிற்று.

1950-ஆம் ஆண்டு ஏப்ரலில், முதுமை எய்தியிருந்த பெருவீரர் தாசியோ நுவோலாரி, அபார்த்தின் காரைச் சிசிலித் தீவின் மலைப்பாதைப் பந்தயத்தில் ஓட்டித் தம் பிரிவில் முதலிடம் பெற்றார். அவ்வீரர் கலந்துகொண்ட இறுதிப் பந்தயம் அதுவே. எனினும் வெற்றி மட்டும் தொழிலாளர்க்கு ஊதியம் தருமோ? பொருள் வேண்டுமே! ஆகவே அபார்த் சாதாரணக் கார்களுக்குப் பொருத்தத்தக்க சைலன்சர்களைச் செய்து விற்கலானார். எஞ்சினில் எரிந்த புகை தடையின்றி வெளியேறினால் எஞ்சின் திணறாது. அதன் ஆற்றல் சிறிது மிகும். ஒலியும் கம்பீரமாக அமையும். இவ்வுண்மையைப் பயன்படுத்திய அவர்தம் சைலன்சர்கள் பல நாடுகளில் விலைபோயின. அவ்வருவாய் பந்தயச் செலவுக்கு உதவிற்று.

1955-இல் டூரின் நகரத்துப் பியட் நிறுவனம் 600 என்னும் சிறு காரை வெளியிட்டது. 633 கன சென்டிமீட்டர் அளவுள்ள அதன் எஞ்சின் பின்புறத்தில் அமைந்திருந்தது. மறு ஆண்டே அபார்த் அவ்வெஞ்சினை 747 கன சென்டிமீட்டராகப் பெருக்கினார். கிராங்க் தண்டு, பிஸ்டன்கள், கார்பரேட்டர், புகைக்குழாய் ஆகியவற்றை மாற்றியமைத்ததனால் அதன் குதிரைத் திறன் ஏறத்தாழ இருமடங்காயிற்று. வேறு சில வண்டிகளுக்கு இரட்டைக் கேம் தண்டுகள் கொண்ட எஞ்சின் தலைப்பகுதியைப் பொருத்தினார். ஆற்றல் பெருகினால் வெப்பமும் பெருகும்; விரைவு கூடினால் வண்டியை நிறுத்தும் வலிமையும் கூடவேண்டும். ஒன்றை மட்டும் பெருக்கி மற்றதை மறந்தால் பயன் கேடாக முடியும். இரு விபத்துகளின் வடுக்களைத் தாங்கிய அபார்த் இதனை நன்கறிவார். 1961-இல் வெளிவந்த அவருடைய 850 காரின் முன்சக்கரங்களில் வட்டுப் பிரேக்குகள் இடம்பெற்றன. பந்தய வண்டிகளில் எஞ்சினின் மூடி திறந்தபடியே தூக்கி நிறுத்தப்பட்டது. 1965, 1966, 1967 ஆகிய 3 ஆண்டுகளிலும் ஐரோப்பியப் பயணக் கார்ப் போட்டியில், சிறு கார்ப் பிரிவின் பட்டம் அபார்த் வண்டியை ஓட்டியவர்களுக்கே கிட்டியது.

பியட் நிறுவனம் 1957-இல் வெளியிட்ட புதிய 500 கார் இன்னும் சிறியது. காற்றினாற் குளிரும் அதன் எஞ்சினுக்கு இரண்டே உருளைகள். ஆற்றலோ 13 குதிரைத் திறன். வலிமையற்றது, வசதியற்றது என்று எண்ணி மக்கள் அதனை வாங்கத் தயங்கினர். அபார்த்தோ அதன் உள்ளாற்றலை உணர்ந்தார். தாம் செப்பனிட்ட 500 கார் ஒன்றை 1958 பிப்ரவரியில் மோன்சா ஓட்டக் களத்திற்குக் கொண்டு சென்றார். ஓட்டுநர்கள் மாறி மாறி அமர, அக்கார் 7 பகலும் 7 இரவும் ஓடியது. 168 மணி நேரத்தில் அது கடந்த தொலைவு 18,186 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 108 கிலோமீட்டருக்கும் மேல். சிறிய வண்டி என்று இகழ்ந்தோர் வியந்து போற்றினர்.

இவ்வாற்றல் பந்தய வீரர்க்கு மட்டும் உரியதாகி நின்றுவிடாமல், எளிய உரிமையாளர்க்கும் எட்டவேண்டும் அல்லவா? அதற்கும் அபார்த் வழி கண்டார். 1963-இல் அவர் வெளியிட்ட 595 மாதிரி, 500 காரையே அடிப்படையாகக் கொண்டது. உருளையின் விட்டத்தை 67.4 மில்லிமீட்டரிலிருந்து 73.5 மில்லிமீட்டராக அகற்றியதனால், 18 குதிரைத் திறன் அளவே இருந்த எஞ்சின் 27 குதிரைத் திறன் பெற்றது. வண்டி மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. அவருடைய மாற்றுறுப்புகள் மரப்பெட்டிகளிலும் அடைத்து விற்கப்பட்டன. தொழில் தெரிந்த ஊர்ப் பட்டறைக்காரர் எவரும் அப்பெட்டியைத் திறந்து, பழைய உறுப்புகளை நீக்கிப் புதியவற்றைப் பூட்டலாம். பந்தயக் களத்தில் தேடிய அறிவு இவ்வாறு தெருமுனைப் பட்டறை வரை பரவியது.

பிறரை ஏவித் தாம் ஒதுங்கி நிற்கும் இயல்பு அபார்த்திடம் இல்லை. 1965 அக்டோபரில் தம் காரைத் தாமே ஓட்டிச் சாதனை படைக்க விழைந்தார். பருத்த உடல் அவ்வண்டியின் குறுகிய இருக்கையினுள் நுழையவில்லை. அதற்காக வண்டியை மாற்றாது தம் உடலையே மாற்றத் துணிந்தார். ஆப்பிளையே பெரிதும் உணவாகக் கொண்டு ஏறத்தாழ 30 கிலோகிராம் எடை குறைத்தார். வயது 57 நிறைய இருந்த நிலையில், மோன்சாவில் தாமே ஓட்டி விரைவேகச் சாதனைகள் படைத்தார்.

பந்தயச் செலவுகள் வளர்ந்துகொண்டே சென்றன. 1971-இல் அபார்த் தம் நிறுவனத்தைப் பியட்டிடம் விற்றார். பின்னர்ப் பிறந்த ஊராகிய வியன்னாவுக்குத் திரும்பினார். 1979-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் அங்கேயே மறைந்தார்.

விபத்து அவரை இருமுறை வீழ்த்தியது. நம்பியிருந்த நிறுவனமோ நடுவழியிற் கைவிட்டது. ஒவ்வொரு முறையும் கையில் எஞ்சியதைக் கொண்டே அவர் மீண்டும் தொடங்கினார். கிடைத்தது சிறிதென்று வருந்தாமல், அதனுள் இருக்கும் ஆற்றலை ஆராய்ந்து அறிவோர்க்கு அவர் வாழ்வு என்றும் ஓர் எடுத்துக்காட்டாகும்.