பெயரை மறைத்த மாணவர்

சாதனை புரிந்தவர்களின் பெயர்கள் சாலைகளுக்கும் கல்லூரிகளுக்கும் சூட்டப்படுவதை நாம் காண்கிறோம். ஆனால், தாம் கண்டறிந்ததைச் சொந்தப் பெயரில் வெளியிட முடியாமல் வாழ்நாள் முழுவதும் ஒரு புனைபெயருக்குப் பின்னால் நின்ற மனிதர் ஒருவரைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். அவர் சூடிக்கொண்ட புனைபெயர் ‘ஸ்டூடன்ட்’. தமிழில் சொன்னால் ‘மாணவர்’. வணிகம், பொருளாதாரம், அறிவியல், கல்வியியல் என எத்துறையில் பயின்றாலும், பட்டம் பெறுவதற்குள் நம்மில் பெரும்பாலோர் ஒருமுறையாவது அவருடைய டி-சோதனையைச் செய்துவிடுகிறோம். கணினியில் இரண்டு பொத்தான்களை அழுத்தினால் விடை வந்துவிடுகிறது. அந்த விடைக்குப் பின்னால் இருந்த மனிதர் யார் என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

அவருடைய இயற்பெயர் வில்லியம் சீலி கோசெட். 1876ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரில் பிறந்தார். தந்தை இராணுவப் பொறியாளர் படையில் கர்னலாகப் பணியாற்றியவர். மகனையும் அப்படையில் சேர்க்கக் குடும்பத்தினர் எண்ணியிருந்தனர். பார்வைக் குறைபாடு அதற்குத் தடையாக நின்றது. வின்செஸ்டர் பள்ளியில் படித்து, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நியூ கல்லூரியில் சேர்ந்த கோசெட், 1897இல் கணிதத்திலும் 1899இல் வேதியியலிலும் முதல் வகுப்பில் தேறினார். அதே 1899ஆம் ஆண்டில் அயர்லாந்தின் டப்ளின் நகரிலிருந்த கின்னஸ் பியர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். இறக்கும்வரை அவர் அந்நிறுவனத்தின் ஊழியராகவே இருந்தார்.

மதுவின் கொடுமையைத் தோட்டப்புறங்களில் கண்ணாரக் கண்ட சமுதாயம் நம்முடையது. பியர் ஆலையில் வேலை பார்த்தவரை நம் இதழில் போற்றலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். நான் போற்ற வருவது அவர் காய்ச்சிய பானத்தை அன்று. அந்த ஆலையின் அன்றாடச் சிக்கல்களிலிருந்து அவர் கண்டெடுத்த சிந்தனையைத்தான்.

அச்சிக்கல்கள் யாவை? ஆலைக்கு வரும் பார்லியும் ஹாப்ஸ் பூக்களும் ஆண்டுக்கு ஆண்டு ஒரே தரத்தில் இருப்பதில்லை. எந்த வகைப் பார்லியை வாங்கினால் இலாபம்? புதிய உரம் உண்மையிலேயே விளைச்சலைக் கூட்டியதா, அல்லது அந்த வயலின் மண்தான் நல்ல மண்ணா? இத்தகைய கேள்விகளுக்கு விடைகாண, பார்லியை விதைத்து, அறுத்து, முளைகட்டி, சாறெடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு சோதனைக்கே ஓராண்டு ஓடிவிடும். ஆயிரம் வயல்களில் விதைத்துப் பார்க்க எந்த முதலாளியும் பணம் தரமாட்டார். ஆகவே கோசெட்டின் மேசைக்கு வந்த எண்கள் நான்கு, ஆறு, பத்து என்ற அளவிலேயே இருந்தன.

அக்காலப் புள்ளியியலோ பெரிய மாதிரிகளுக்காகவே உருவானது. நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் அளவெடுத்து ஆராய்வதே அறிஞர்களின் வழக்கம். சிறு மாதிரிகளை நாடுபவர்கள் பொல்லாத பியர்க்காரர்கள் மட்டுமே என்று அத்துறையின் பெருந்தலைவரான கார்ல் பியர்சனே பின்னாளில் கேலியாக எழுதினார்.

1904ஆம் ஆண்டில் கோசெட் ஆலையின் உள்பயன்பாட்டுக்காக ஓர் அறிக்கை தயாரித்தார். அளவீடுகளில் நேரும் பிழைகளைக் கணிக்கும் விதியை ஆலை வேலைகளுக்கு எப்படிப் பயன்படுத்துவது என்பதே அதன் பொருள். மால்ட்டிலிருந்து கிடைக்கும் இனிப்புச் சாற்றை அளக்கும்போது, பிழை அரைப் பாகைக்குள் இருக்க வேண்டும். அந்த உறுதி பத்துக்கு ஒன்று என்ற அளவிலாவது இருக்க வேண்டும். இதற்கு எத்தனை முறை அளக்க வேண்டும்? இரண்டு முறை அளந்தால் நான்குக்கு ஒன்று, மூன்று முறை அளந்தால் ஏழுக்கு ஒன்று, நான்கு முறை அளந்தால் பன்னிரண்டுக்கு ஒன்று என்று அவர் கணக்கிட்டார். ஆக, நான்கு அளவீடுகள் போதும். அதற்குமேல் அளப்பது செலவு. முழு உண்மையைத் தேடிக்கொண்டே இருக்காமல், எடுக்க வேண்டிய முடிவுக்கு எவ்வளவு உறுதி போதும் என்று அவர் கேட்டதை நாம் கவனிக்க வேண்டும்.

ஆயினும் இக்கணக்கின் அடித்தளம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. 1905இல் அவர் பியர்சனை நேரில் சந்தித்தார். 1906இல் மார்ஜரி ஃபில்பாட்ஸ் என்பாரைக் கரம்பற்றினார். அந்த அம்மையார் இங்கிலாந்துக்காக ஹாக்கி ஆடியவர். அதே ஆண்டில் நிறுவனத்தின் அனுமதியோடு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சென்று, பியர்சனின் ஆய்வகத்தில் ஏறத்தாழ ஓராண்டு பயின்றார். அங்கே உருப்பெற்ற கட்டுரை 1908இல் பயோமெட்ரிகா என்னும் ஆய்விதழில் வெளிவந்தது.

அக்கட்டுரையின் சாரத்தை எளிமையாகச் சொல்ல முயல்கிறேன். ஒரு சராசரியை நம்பலாமா என்று பார்க்க, எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று தெரிய வேண்டும். அதைத் திட்ட விலக்கம் காட்டும். நான்கே எண்கள் இருந்தால் அந்தத் திட்ட விலக்கமே நம்பத்தகாதது. தற்செயலாக மிகச் சிறியதாகவும் வந்துவிடும். அதைக்கொண்டு பழைய முறையில் கணக்கிட்டால் இல்லாத உறுதி இருப்பதாகத் தோன்றும். மாதிரி எவ்வளவு சிறியதோ, அவ்வளவு கண்டிப்பான எல்லை வேண்டும் என்று கோசெட் காட்டினார். இன்றைய அட்டவணையைப் பாருங்கள். ஐந்து விழுக்காட்டு எல்லை பெரிய மாதிரிக்கு 1.96, பத்து எண்களுக்கு 2.262, நான்கு எண்களுக்கு 3.182. சிறு மாதிரியைக்கொண்டும் பேசலாம். ஆனால் அதற்கேற்ற அடக்கத்தோடு பேச வேண்டும் என்பதே இதன் பொருள்.

கணினி இல்லாத அக்காலத்தில் இதை அவர் சரிபார்த்த விதம் வியப்புக்குரியது. 3,000 குற்றவாளிகளின் உயரமும் இடது நடுவிரலின் நீளமும் அடங்கிய பட்டியல் ஒன்று முன்னரே வெளியாகியிருந்தது. அவ்வளவுகளை அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்தார். 750 சிறு மாதிரிகள் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் கையால் கணக்கிட்டுத் தம் சூத்திரத்தோடு ஒப்பிட்டார். இன்று நாம் கணினியில் செய்யும் உருவகப்படுத்துதலை அன்றே அட்டைகளால் செய்தவர் அவர்.

இத்தனை உழைத்தும் கட்டுரையில் அவர் பெயர் இல்லை. ஊழியர்கள் ஆய்வுக் கட்டுரைகளைத் தங்கள் பெயரில் வெளியிடுவதை நிறுவனம் விரும்பவில்லை. தொழில் இரகசியம் போட்டியாளர்களுக்குப் போய்விடக்கூடாது அல்லவா? ஆகவே 1907ஆம் ஆண்டுக் கட்டுரை தொடங்கி, ‘ஸ்டூடன்ட்’ என்றே எழுதினார். ஆலையில் ஈஸ்ட் செல்களை எண்ணுவதில் நேரும் பிழையைப் பற்றிய அக்கட்டுரையும் புள்ளியியல் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது.

1908ஆம் ஆண்டுக் கட்டுரையை நீண்ட காலம் எவரும் பொருட்படுத்தவில்லை. கேம்பிரிட்ஜில் பயின்றுகொண்டிருந்த ரொனால்ட் ஃபிஷர் என்னும் இளைஞர் மட்டும் 1912இல் அதற்கு முறையான கணித நிறுவல் ஒன்றை எழுதி அனுப்பினார். அன்று தொடங்கிய நட்பு கடிதங்களாக வளர்ந்தது. 1922இல் தம் அட்டவணையை ஃபிஷருக்கு அனுப்பிய கோசெட், அதைப் பயன்படுத்தப்போகிற ஒரே மனிதர் அவர்தான் என்று வேடிக்கையாகக் குறிப்பிட்டார். 1925இல் வெளிவந்த ஃபிஷரின் நூல் டி-சோதனையை உலகெங்கும் கொண்டு சென்றது. இருபதில் ஒன்று, அதாவது 0.05, என்ற எல்லையும் அந்நூலின் வழியாகவே பரவியது.

இங்கேதான் நான் சொல்ல வந்த செய்தி இருக்கிறது. 0.05க்குக் கீழே வந்தால் ஏற்றுக்கொள், மேலே வந்தால் விட்டுவிடு என்று இன்று நாம் மனப்பாடம் செய்கிறோமே, அந்தப் பழக்கம் கோசெட்டுடையது அன்று. 1905இலேயே அவர் பியர்சனுக்கு எழுதிய கடிதத்தில் வேறு கருத்தைச் சொல்லியிருந்தார். எவ்வளவு உறுதி வேண்டும் என்பது, முடிவால் கிடைக்கும் பண ஆதாயம், புதிய முறையின் கூடுதல் செலவு, ஒவ்வொரு சோதனைக்கும் ஆகும் செலவு ஆகியவற்றைப் பொறுத்தது என்பதே அவர் நிலைப்பாடு.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். முறுக்கு வியாபாரி ஒருவர் புதிய பொட்டலத்தை ஆறு கடைகளில் ஒரு வாரம் விற்றுப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய வாரத்தைவிட விற்பனை முறையே 4, 7, 1, 5, 3 பொட்டலங்கள் கூடின; ஒரு கடையில் 2 குறைந்தது. சராசரி உயர்வு 3. புதிய பொட்டலத்தால் எந்த மாற்றமும் இல்லை என்பதே இன்மைக் கருதுகோள். இடைநிலைப்பள்ளியில் ஹிப்போதெசிஸ் நோல் என்று மலாய்மொழியில் படித்தோமே, அதுதான். கணக்கிட்டால் டி-யின் மதிப்பு ஏறத்தாழ 2.32 வருகிறது. ஆறு கடைகளுக்குரிய எல்லை 2.571. எல்லையைத் தாண்டவில்லை, ஆகவே கருதுகோளை நிராகரிக்க முடியாது என்று எழுதினால் தேர்வில் முழுப் புள்ளி கிடைக்கும்.

கோசெட் அங்கே நிறுத்தமாட்டார். ஒரு பொட்டலத்துக்கு இலாபம் 50 காசு. புதிய பொட்டலத்துக்குக் கூடுதல் செலவு 2 காசு. ஒரு கடையில் முன்பு வாரத்துக்கு 30 விற்றது என்போம். மூன்று கூடினால் இலாபம் 1 ரிங்கிட் 50 காசு. 33 பொட்டலங்களுக்குக் கூடுதல் செலவு 66 காசு. கடைக்கு 84 காசு மிச்சம். கையிலிருக்கும் சான்றும் ஆதாயத்தின் பக்கமே சாய்கிறது. தவறிப்போனாலும் பெரிய நட்டமில்லை. துணிந்து மாற்றலாம், அல்லது இன்னும் சில வாரங்கள் சோதிக்கலாம். மாறாக, அப்பொட்டலத்துக்கு 8,000 ரிங்கிட் விலையில் இயந்திரம் வாங்க வேண்டுமென்றால்? ஆறு கடைகளிலும் சேர்த்து வார ஆதாயம் 5 ரிங்கிட்தான். முதல் திரும்ப முப்பது ஆண்டுகள் ஆகும். அப்போது டி-யின் மதிப்பு எல்லையைத் தாண்டியிருந்தாலும் வாங்குவது மடமை. ஒரே கணக்கு, இரண்டு முடிவுகள். வேறுபாடு பையில் இருக்கிறது, அட்டவணையில் இல்லை.

மாதிரி பெரியதாக இருந்தால் மட்டும் போதுமா? அதற்கும் அவர் விடை தந்திருக்கிறார். 1930இல் ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷையர் வட்டாரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து வளர்ச்சியை அளந்தனர். 10,000 பேருக்குப் பால். ஒப்பிட்டுப் பார்க்க, பால் பெறாத 10,000 பேர். எந்தப் பிள்ளை எந்தக் குழு என்பதில் ஆசிரியர்கள் மாற்றம் செய்ய இடமிருந்தது. இரக்கமுள்ள ஆசிரியர்கள், மெலிந்த ஏழைப் பிள்ளைகளுக்குப் பால் கிடைக்கட்டும் என்று அவர்களை அக்குழுவில் சேர்த்திருக்க வேண்டும். விளைவு, பால் பெறாத பிள்ளைகள் தொடக்கத்திலேயே உயரமாகவும் எடை மிகுந்தும் இருந்தனர். எடை பார்த்தது பிப்ரவரியில் குளிராடையோடும் ஜூனில் மெல்லிய ஆடையோடும். கழற்றுவதற்குக் கம்பளி ஆடை இல்லாத ஏழைப் பிள்ளைக்கும், இருந்த பிள்ளைக்கும் கணக்கு எப்படி ஒன்றாகும்? 1931இல் இவற்றைச் சுட்டிக்காட்டிய கோசெட், ஒரே உருவ இரட்டையர் 50 இணைகளைக்கொண்டு இதைவிட நம்பத்தக்க விடையைக் குறைந்த செலவில் பெறலாம் என்றார்.

தமிழ்ப்பள்ளியில் படித்துத் தேசியப் பள்ளிக்குச் சென்ற எனக்கு இது ஏட்டுச் செய்தியாக மட்டும் படவில்லை. என் ஆறாம் ஆண்டு வகுப்பில் பதினொரு பேர்தான் இருந்தோம். பதினொரு பேரில் ஒரு பிள்ளை காய்ச்சலோடு தேர்வெழுதித் தவறினால் பள்ளியின் தேர்ச்சி ஒன்பது விழுக்காடு இறங்கிவிடும். மறுநாளே அந்தப் பள்ளி சரிகிறது என்று பேச்சு எழும். அதை நம்பிச் சில பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்க்கவும் கூடும். சிறிய எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று கேட்கத் தெரிந்த ஒருவர் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இருந்தால் போதும், அந்தப் பேச்சு அடங்கும். அந்த ஒருவர் நம்மில் ஒருவராக இருக்கலாமே!

கோசெட் தம் இறுதிக் காலம்வரை உழைத்தார். அயர்லாந்தில் பார்லி வகைகளை ஒப்பிடும் சோதனைகளில் பல்லாண்டுகள் ஈடுபட்டார். வயல் சோதனைகளை அமைக்கும் முறை குறித்து நண்பர் ஃபிஷரோடு கடுமையாகக் கருத்து மோதினார். ஓய்வு நேரத்தில் படகு செய்தார், பழமரங்கள் வளர்த்தார். 1935இல் இலண்டனில் நிறுவனம் தொடங்கிய பார்க் ராயல் ஆலைக்குப் பொறுப்பேற்றார். 1937இல் தலைமைப் பதவி கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், 61ஆம் வயதில், மாரடைப்பால் காலமானார். அவருடைய கட்டுரைகள் 1942இல் நூலாகத் தொகுக்கப்பட்டபோதும் தலைப்பில் ‘ஸ்டூடன்ட்’ என்ற பெயரே நின்றது.

நண்பர்களே, அடுத்த இடுபணியில் டி-சோதனை செய்யும்போது, எல்லையைத் தாண்டியதா என்று பார்த்தவுடன் பேனாவை மூடிவிடாதீர்கள். இந்த எண்கள் எப்படிச் சேகரிக்கப்பட்டன, தவறினால் யாருக்கு எவ்வளவு நட்டம், சரியானால் யாருக்கு எவ்வளவு நன்மை என்று மேலும் இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரிகளுக்காகத்தான் ஒரு மாணவர் இந்தக் கணக்கையே கண்டுபிடித்தார்.