மண்ணை விற்க விடாத மன்னன்

நான் பூகோளம் படிப்பித்த காலத்திலே, பசிபிக் சமுத்திரத்தின் பழைய படத்தைச் சுவரில் மாட்டியதும் மாணாக்கர் கேட்கும் முதற் கேள்வி ஒன்றுண்டு. இத்தனை சிறு புள்ளிகளையும் யார் யார் பிடித்துக் கொண்டார்கள் என்பதே அது. பிஜி பிரித்தானியருக்கு, தாகித்தி பிரெஞ்சுக்காரருக்கு, சமோவா ஜேர்மனியருக்கும் அமெரிக்கருக்கும், ஹவாய் அமெரிக்கருக்கு என்று விரலை நகர்த்திக் கொண்டே போவேன். தொங்காவுக்கு வந்ததும் விரல் சற்றுத் தயங்கும். 1900 முதல் 1970 வரை அது பிரித்தானியாவின் பாதுகாப்பில் இருந்தது உண்மை. ஆயினும் தன் அரசகுலத்தையும் தன் காணியையும் அது யாருக்கும் கொடுத்ததில்லை. படையோ பணமோ இல்லாத ஒரு சிறு தீவுக்கூட்டத்துக்கு இது எவ்வாறு கைகூடிற்று என்று தேடியபோதுதான் முதலாம் ஜோர்ஜ் தூபோ என்ற மன்னனின் வரலாறு எனக்குக் கிட்டியது.

அவன் பிறந்தது 1797ஆம் ஆண்டளவில். இயற்பெயர் தாவுபாஹாவு. பிறந்து இரண்டாண்டு செல்லுமுன், 1799இல், ஆட்சியிலிருந்த அவன் பாட்டன் தூக்குவாஹோ கொலையுண்டான். அன்று மூண்ட உள்நாட்டுப் போர் ஐம்பது ஆண்டுகள் வரை அணைந்தும் எரிந்தும் தொடர்ந்தது. வளமான கிழங்குத் தோட்டங்கள் காடேறின, பஞ்சமும் வந்தது. அப்போர்களின் விபரத்தை ஈண்டு விரித்தல் வேண்டா. ஹாபாய்த் தீவுகளின் தலைமையை இளமையிலேயே அடைந்த இவன், 1833இல் வவாவுவையும், 1845இல் தூய் கனோக்குப்போலு என்னும் பட்டத்தோடு தொங்காதாப்புவையும் பெற்று, மூன்று தீவுக்கூட்டங்களையும் ஒரு குடைக்கீழ் ஆண்டான் என்று அறிந்தாற் போதும்.

இதற்கிடையில் அவன் சமயம் மாறினான். மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த ஜோன் தோமஸ் என்பவர், முன்பு கொல்லுப் பட்டறையில் இரும்படித்தவர், அவனுக்கு 1831இல் ஞானஸ்நானம் கொடுத்தார். இங்கிலாந்து மன்னரின் பெயரால் ஜோர்ஜ் எனத் தனக்கும், அம்மன்னரின் அரசியின் பெயரால் சாலோத்தே எனத் தன் மனைவிக்கும் பெயர் சூட்டிக்கொண்டான். பழைய தெய்வ உருவங்கள் உயிரற்றவை என்று சனங்களுக்குக் காட்டுவதற்காக அவற்றைக் கழுத்திற் கயிறிட்டு வளையிலே தொங்கவிட்டவன் அவன். எதையும் அரைகுறையாகச் செய்கின்ற சுபாவம் அவனிடம் இருக்கவில்லை. இந்தக் குணமே அவனுடைய பெருமைக்கும், பின்னர் நாம் காணப்போகும் சிறுமைக்கும் காரணமாயிற்று.

அவன் காலத்துக்கு முன் தொங்காவிலே சாதாரண குடிமகனுக்குத் தன்னுடையது என்று சொல்ல எதுவுமில்லை. அவன் நட்ட கிழங்கும், பிடித்த மீனும், பெற்ற பிள்ளையின் உழைப்பும் தலைவனுக்குரியன. தலைவன் கேட்டபோது கேட்ட வேலையைச் செய்தல் வேண்டும். நமது நாட்டில் 1832இல் ஒழிக்கப்பட்ட இராசகாரியத்தை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 1839இல் வவாவுவில் தூபோ பிறப்பித்த சட்டக்கோவை, தலைவர்களும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்களே என்று முதன்முதலாக எழுத்தில் வைத்தது. 1850ஆம் ஆண்டுச் சட்டமோ அந்நியருக்குக் காணி விற்றலைத் தடைசெய்தது. அவன் ஐரோப்பிய நகர் எதனையும் அதுவரை கண்டவனல்லன் என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

1853இல் அவன் மிஷனரிமாரின் கப்பலேறி அவுஸ்திரேலியாவிலுள்ள சிட்னி நகருக்குச் சென்றான். தங்கவேட்டைக் காய்ச்சல் அந்நாட்டை ஆட்டிவைத்த காலம் அது. கட்டிடங்களையும் கடைவீதிகளையும் கண்டு அவன் வியந்திருப்பான் என்று நாம் எண்ணுவோம். ஆனால் தொங்க மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை வேறு. இத்துணை செல்வமுள்ள ஊரிலே மனிதர் தெருவிற் படுத்துறங்கக் கண்டு, அதற்குக் காரணம் கேட்டானாம். அவர்களுக்குக் காணியில்லை, குடியிருக்கக் கொடுக்க வாடகையுமில்லை என்று விடை வந்ததாம். தன் நாட்டில் ஒருவனுக்கும் இக்கதி நேரலாகாது என்ற உறுதியுடன் அவன் திரும்பினான் என்பது அக்கதை. கதை எவ்வளவு மெய்யாயினும் ஆகுக. அடுத்த முப்பது ஆண்டுகள் அவன் செய்தவை அதனைப் பொய்யென்று சொல்லவில்லை.

1862 யூன் 4ஆந் திகதி புதிய சட்டம் பிறந்தது. குடிமக்கள் யாவரும் அடிமை ஊழியத்தினின்றும் விடுவிக்கப்பட்டனர். தலைவர்கள் அவர்தம் உடைமையைப் பறித்தல் குற்றமாயிற்று. ஊழியத்துக்குப் பதிலாக அரசிறை வந்தது. இன்றும் அந்நாள் அங்கே பொது விடுமுறை. மறுவருடம் நிகழ்ந்ததைப் பார்த்தால் அச்சட்டத்தின் அருமை விளங்கும். 1863இல் பெரு நாட்டுக்குக் கூலிகளைத் திரட்டிய ஆட்பிடி கப்பலொன்று தெற்கேயுள்ள ஆத்தா என்னும் சிறு தீவிலிருந்து நூற்றுக்கு மேற்பட்டோரை ஏமாற்றிக் கொண்டு போயிற்று. அவர்கள் ஊர் திரும்பவில்லை. எஞ்சியோரைத் தூபோ ஏவுவா என்னுந் தீவிற் குடியேற்றினான். ஆத்தாவில் அதன்பின் குடியில்லை. அடிமையாயிருந்து தப்பி வந்த எவனும் தொங்க மண்ணில் கால் வைத்த கணமே சுதந்திரன் என்ற வாசகம் 1875ஆம் ஆண்டின் அரசியற் றிட்டத்திலே காணப்படுகிறது. ஆத்தாவை நினைத்துத்தான் அதை எழுதினார்களோ என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

அந்த அரசியற் றிட்டம் பற்றிச் சிறிது நின்று பேசல் வேண்டும். சிட்னியில் ஹவாய் அரசின் பிரதிநிதியாக இருந்த சார்ள்ஸ் சென் ஜூலியன் என்பவர், ஹவாய் நாட்டைப் பார்த்து அரசியற் றிட்டம் வகுக்குமாறு தூபோவைத் தூண்டி வந்தார். நாகரிக அரசுக்குரிய முறைகள் எழுத்தில் இருந்தால் வல்லரசுகள் மதிக்கும் என்பது அவர் வாதம். தூபோவும் அவ்வழியே சென்றான். பாராளுமன்றம், நீதிமன்றம், உரிமைப் பிரகடனம் முதலியவற்றில் ஹவாயின் சாயல் தெளிவாக உண்டு. ஒன்றை மட்டும் அவன் எடுக்கவில்லை. ஹவாய் மன்னர் 1848இல் காணியைத் தனிச்சொத்தாகப் பிரித்தார். 1850இல் அந்நியரும் அதை வாங்கலாம் என்று சட்டமாயிற்று. குடிமக்களின் கைக்கு நூற்றில் ஒரு பங்கும் வரவில்லை. கரும்புத் தோட்டக்காரரின் கைக்கு வேண்டிய மட்டும் போயிற்று. தொங்காவின் திட்டமோ, காணி முழுவதும் மன்னனுக்குரியது, அவன் பிரபுக்களுக்குப் பரம்பரைக் காணி அளிக்கலாம், ஆனால் மன்னனோ பிரபுவோ குடிமகனோ அதை ஒருபோதும் விற்றலாகாது, குத்தகைக்கே விடலாம் என்று விதித்தது. அப்பரம்பரைக் காணிக்குத் தொங்க மொழியிலே தொபியா என்று பெயர். நம்மவர் வழங்கும் முதுசொம் என்ற சொல்லுக்கு அது மிக அண்மையானது. 1882ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. வயது வந்த ஆண்மகன் ஒவ்வொருவனுக்கும் பிரபுவின் காணியிலோ அரசின் காணியிலோ ஒரு பங்கு உரிமையாயிற்று. பின்வந்த சட்டங்கள் அதனை எட்டேகால் ஏக்கர் என்று அளவிட்டன.

ஜேர்மனி 1876இலும் பிரித்தானியா 1879இலும் தொங்காவைச் சுதந்திர அரசாக ஏற்று உடன்படிக்கை செய்தன. அக்காலத்தில் பிஜியின் தேசாதிபதியாகவும் மேற்குப் பசிபிக்கின் உயர் ஆணையாளராகவும் இருந்த ஆர்தர் கோர்டனே 1883 முதல் 1890 வரை நமது இலங்கையின் தேசாதிபதியாக வீற்றிருந்தவர். பிஜியில் சுதேசிகளின் காணியைக் காத்த அவர்தாம், கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியத் தொழிலாளரை ஒப்பந்தத்தின் பேரில் அழைத்தவருமாவார். முதற்கப்பல் 1879இல் அங்கே சேர்ந்தது. விலைக்கு வராத காணி இருந்தமையால் தொங்காவில் அத்தகைய பெருந்தோட்டம் வேரூன்றவில்லை.

இனி, சொல்ல மனமில்லாத பகுதி. சேர்லி பேக்கர் என்ற பாதிரியார் மன்னனின் ஆலோசகராகி, 1880இல் பிரதம மந்திரியுமானார். மூளையும் முன்கோபமும் நிறைந்தவர். சிட்னியிலுள்ள தலைமைச் சபையோடு அவருக்கும் மன்னனுக்கும் பிணக்கு முற்றிற்று. சனங்களின் காணிக்கைப் பணம் கடல் கடந்து போவது தூபோவுக்குப் பிடிக்கவில்லை. அதில் நியாயமும் உண்டு. 1885இல் தனக்கென ஒரு சுதந்திர சபையை நிறுவினான். பழைய சபையை விடமாட்டோம் என்றவர்கள் உத்தியோகம் இழந்தனர். 1887 தையில் பேக்கரைக் கொல்ல முயன்றபோது அவருடைய மகனும் மகளும் காயமுற்றனர். அதன்பின் நடந்தது பழிவாங்கல். அறுவர் சுடப்பட்டனர். பழைய சபையார் அடியுண்டனர். அவர்களுடைய பயிரும் உடைமையும் சூறையாடப்பட்டன. ஒரு கூட்டத்தார் பிஜிக்கு நாடு கடந்தனர். அவர்களுள் மன்னனின் சொந்த மகளும் ஒருத்தி. குடிமகனின் உடைமையைத் தலைவன் தொடலாகாது என்று 1862இல் எழுதிய கை, தொண்ணூறு வயதிலே இதனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பேக்கர் மீது முழுப் பழியையும் சுமத்தி மன்னனை விடுவிக்கும் ஆசிரியர்கள் உளர். நான் அதற்கு உடன்பட மாட்டேன். அவன் விரும்பாத ஒன்றை அந்நாட்டில் எவரும் செய்திருக்க முடியாது. 1890இல் உயர் ஆணையாளர் தேர்ஸ்டன் வந்து பேக்கரை வெளியேற்றினார். நாடு கடந்தவர்கள் வீடு திரும்பினர்.

அவன் அளித்த காணியுரிமையும் ஆண்களோடு நின்றுவிட்டது. பெண் தன் பெயரில் அத்தகைய பங்கு கேட்க வழியில்லை. சனத்தொகை பெருகவே எட்டேகால் ஏக்கர் எல்லோருக்கும் போதாமற் போயிற்று. நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் பிழைப்புத் தேடிச் சென்ற தொங்கர் ஏராளம். இக்குறைகளைத் தொங்க மக்களே எடுத்துப் பேசி வருகிறார்கள். எனினும் விற்பனைத் தடையை நீக்கும்படி கேட்போர் அவர்களுள் அரிது.

1893 தை மாதம் 17ஆந் திகதி, ஹவாயின் அரசி லிலியுவோகலானியைத் தோட்ட முதலாளிமாரும் வர்த்தகரும் அமெரிக்கக் கடற்படையின் நிழலிலே நின்று பதவியிறக்கினர். எந்த நாட்டின் அரசியற் றிட்டத்தைப் பார்த்துத் தூபோ தன்னுடையதை வகுத்தானோ, அந்நாட்டின் முடி அன்று விழுந்தது. அடுத்த மாதம் 18ஆந் திகதி தூபோ இறந்தான். வயது ஏறத்தாழ தொண்ணூற்றைந்து. மகனும் பேரரும் அவனுக்கு முன்னே மாண்டுவிட்டமையால் பூட்டன் இரண்டாம் ஜோர்ஜ் தூபோ என முடி சூடினான். நுக்குவாலோபா நகரிலே மலாயேக்குலா என்னும் வெளியில் கிழவனை அடக்கம் செய்தார்கள்.