அரை டன் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொண்டுபோன படைவீரர்

டோபி காட் எம்ஆர்டி நிலையத்துக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் ஃபோர்ட் கேனிங் குன்றில் 1823 ஜனவரி வாக்கில் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் குடியேறினார். மரமும் கூரையுமாகக் கட்டப்பட்ட சிறிய பங்களா அது. இந்த வட்டாரத்துக்குப் பெயர் தந்த இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்த ஓடை குன்றின் அடிவாரத்தில் ஓடியது. ராஃபிள்ஸ் மேலிருந்து பார்த்த நிலத்தில் தெருக்களும் குடியிருப்புகளும் எங்கெங்கே அமைய வேண்டும் என்ற திட்டத்தை வரைந்து கொடுத்தவர் லெஃப்டினன்ட் ஃபிலிப் ஜாக்சன். வங்காளப் பீரங்கிப் படையைச் சேர்ந்த இளம் அதிகாரி. ஆற்றின் மேல்பகுதியில் சூலியா கம்போங் என்று தென்னிந்தியர்களுக்கு இடம் ஒதுக்கியதும் அதே வரைபடத்தில்தான்.

ஒரு பீரங்கிப் படைவீரர் நகருக்கு வரைபடம் போடுவது அன்று வியப்பில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் நிலத்தை அளந்தவர்களில் பெரும்பாலோர் ராணுவ அதிகாரிகள்தாம். எந்த வழியில் படை போகலாம், எந்த ஆற்றைக் கடக்கலாம், எந்தக் கோட்டை எவ்வளவு தூரம் என்பதை அறியத் திசைகாட்டியும் சங்கிலியும் கோணமானியும் அவர்களுக்குத் தேவைப்பட்டன. துப்பாக்கியைப் போலவே இவையும் கூடாரத்தில் இருந்தன.

ராஃபிள்ஸ் குன்றில் குடியேறிய அதே ஜனவரியில், 20ஆம் தேதி, இந்தியாவின் நடுவே ஹிங்கன்காட் என்ற சிற்றூரில் ஒரு முதிய அதிகாரி கூடாரத்தில் இறந்துபோனார். அக்காலத்தின் மிகப் பெரிய அளவைக் கருவி அவர் பொறுப்பில் இருந்தது. சிங்கப்பூர், மலேசியத் தமிழர் பலரின் முன்னோர் கப்பல் ஏறுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அவர்களின் சொந்த ஊர்களான தஞ்சை, திருச்சி, நெல்லைப் பகுதிகளை ஆணி அடித்தாற்போல் வரைபடத்தில் நிறுத்தியவர் அவர். பெயர் வில்லியம் லாம்ப்டன்.

ஒற்றைக் கண் அதிகாரி

லாம்ப்டன் 1750களில் இங்கிலாந்தின் யார்க்‌ஷியரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். கணக்கில் இருந்த திறமையே அவருடைய சொத்து. 33ஆவது காலாட்படைப் பிரிவில் சேர்ந்து அமெரிக்க விடுதலைப் போருக்குப் போனார். 1781ல் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தபோது சிறைபிடிக்கப்பட்டார். பிறகு கனடாவில் எல்லை நிலங்களை அளக்கும் வேலை கிடைத்தது. அங்கு ஒரு சூரிய கிரகணத்தைக் கண்ணுக்குப் பாதுகாப்பின்றிப் பார்த்ததில் ஒரு கண்ணின் பார்வை கெட்டது. மீதி வாழ்நாள் முழுதும் தொலைநோக்கியில் அவர் பார்த்ததெல்லாம் மற்றொரு கண்ணால்தான்.

படையில் பதவி உயர்வு எட்டாத கனியாகவே இருந்தது. பதின்மூன்று ஆண்டுகள் கனடாவில் ஒதுங்கிக் கிடந்த பிறகு, நாற்பது வயதைத் தாண்டி, பழைய படைப்பிரிவோடு இந்தியாவுக்கு வந்தார். தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு அவரே.

1799ல் திப்பு சுல்தானுக்கு எதிரான கடைசிப் போர். ஸ்ரீரங்கப்பட்டணத்தின் அருகே ஓர் இரவு ஜெனரல் பேர்டின் படைப்பிரிவு இருளில் நகர்ந்துகொண்டிருந்தது. விண்மீன்களைப் பார்த்த லாம்ப்டனுக்குச் சந்தேகம் வந்தது. படை எதிரி முகாமை நோக்கிப் போகிறது என்று ஜெனரலிடம் சொன்னார். பேர்ட் அதைப் பொருட்படுத்தவில்லை. சற்று நேரத்தில் விளக்கொளியில் திசைகாட்டியைப் பார்த்தபோதுதான் விண்மீன்கள் சொன்னது சரி என்று தெரிந்தது. படை திரும்பியது.

அந்த ஆண்டு மே 4ஆம் தேதி திப்பு வீழ்ந்தார். மைசூர் கம்பெனியின் கைக்கு வந்தது. அதை அளக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது லாம்ப்டன் அதைவிடப் பெரிய திட்டம் ஒன்றை முன்வைத்தார். தென்னிந்தியாவைக் கடற்கரையிலிருந்து கடற்கரைவரை முக்கோணங்களால் பின்னிவிட வேண்டும். அதைக்கொண்டு பூமி எந்த அளவுக்கு உருண்டை, எங்கே தட்டை என்பதையும் கணக்கிட வேண்டும். சென்னை அரசில் முணுமுணுப்பு எழாமல் இல்லை. ஓர் ஊருக்குப் போக வேண்டுமென்றால் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதாதா, இதற்கு எதற்கு இவ்வளவு செலவு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். வெல்லெஸ்லியின் ஆதரவு லாம்ப்டனுக்குக் கைகொடுத்தது.

சீனப் பேரரசர் வேண்டாமென்ற சங்கிலி

திட்டம் தயார். கருவிகள்? இந்த இடத்தில்தான் கதை சுவையாகிறது.

1793ல் மக்கார்ட்னி பிரபு தலைமையில் ஒரு பிரிட்டிஷ் தூதுக்குழு சீனாவுக்குப் போனது. பேரரசர் சியான்லோங்குக்குக் கொண்டுசென்ற பரிசுகளில் லண்டனின் புகழ்பெற்ற கருவிச் செய்முறையாளர் ஜெஸ்ஸி ராம்ஸ்டனின் 100 அடி எஃகுச் சங்கிலியும், தலைக்கு மேலே வரும் விண்மீன்களை அளக்கும் உச்சிமானியும் இருந்தன. பேரரசருக்கு அவை வேண்டியிருக்கவில்லை. குழுவில் இருந்த அறிவியலாளர் டின்விடியின் வசம் அவை வந்தன. அவர் கல்கத்தாவுக்கு வந்து குடியேறினார். லாம்ப்டன் தேடும்போது அவை விற்பனைக்குக் கிடைத்தன. பெய்ஜிங் அரண்மனையில் காட்சிப் பொருளாக இருந்திருக்க வேண்டியவை பறங்கிமலை வெயிலில் வேலைக்கு வந்தன.

கோணங்களை அளக்கும் பெரிய தியோடலைட்டை லண்டனில் வில்லியம் கேரி செய்து கொடுத்தார். மூன்று அடி அகல வட்டம், ஏறத்தாழ அரை டன் எடை. அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் கடலில் பிடித்து மொரிஷியசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு அது அறிவியல் கருவி என்று புரிந்தது. போர் நடந்துகொண்டிருந்தபோதும் அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் அதை மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார். எதிரி நாட்டின் ராணுவக் கருவியைத் திருப்பிக் கொடுக்கும் பெருந்தன்மை இன்றைய போர்களில் கற்பனைக்கும் எட்டாதது.

1802 ஏப்ரல் 10ஆம் தேதி சென்னைப் பறங்கிமலை அருகே வேலை தொடங்கியது. முதலில் அடிக்கோடு: சமதரையில் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோடு. 100 அடிச் சங்கிலியால் ஏறத்தாழ 400 முறை அளக்க வேண்டும். வெயிலில் எஃகு நீளும், மாலையில் சுருங்கும். அதனால் முக்காலிகள்மேல் மரப்பெட்டிகளை வைத்து, அவற்றுக்குள் சங்கிலியை நீட்டி, கூடாரத் துணியால் நிழல் கொடுத்து, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து அளந்தார்கள். மே மாதத்துச் சென்னை வெயில். ஒரு நாளில் சில நூறு அடிகளே நகர்ந்த நாள்களும் உண்டு.

அந்த ஒரு கோட்டின் நீளம் சரியாகத் தெரிந்துவிட்டால் போதும். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றைப் பார்த்துக் கோணங்களை அளந்தால், குன்றுவரை நடக்காமலே தூரத்தைக் கணக்கிடலாம். பள்ளியில் படிக்கும் முக்கோணக் கணக்குதான். அந்தக் குன்று அடுத்த முக்கோணத்தின் முனையாகும். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகச் சென்னையிலிருந்து மங்களூர்வரை போனார்கள். பழைய வரைபடங்கள் 400 மைல் என்று காட்டிய தூரம் உண்மையில் 360 மைல்தான் என்று தெரிந்தது. 40 மைல் அகல நிலம் காகிதத்திலிருந்து காணாமல் போனது.

தஞ்சையில் அறுந்த கயிறு

காவிரிப் படுகையில் குன்றுகள் இல்லை. எங்கு பார்த்தாலும் வயலும் தென்னையும் பனையும். தொலைவு தெரிய உயரம் வேண்டும். தஞ்சை மண்ணில் உயரம் என்றால் கோயில்தான். லாம்ப்டன் கோபுரங்களின் உச்சிகளை அளவை நிலையங்களாக்கினார்.

1808ல் தஞ்சைப் பெரிய கோயிலின் முறை வந்தது. ராஜராஜ சோழன் எழுப்பிய விமானம் 200 அடிக்கும் மேல் உயரம். அரை டன் தியோடலைட்டைக் கயிறும் கப்பியும் கட்டி மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். கருவி சுவரில் மோதாமல் விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. கருவி ஊசலாடிப்போய் கல் சுவரில் மோதியது. கோணங்களை நுணுக்கமாகக் குறித்திருந்த வட்டம் நெளிந்து உருமாறிவிட்டது.

இந்தியாவில் அதற்கு மாற்று இல்லை. லண்டனிலிருந்து புதிதாக ஒன்று வர ஆண்டுகள் ஆகும். லாம்ப்டன் கூடாரத்துக்குள் போனார். தலைமைக் கைவினைஞர்களைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. கருவியைப் பிரித்து, பலகையில் சரியான வட்டத்தை வரைந்து, ஆப்பும் திருகாணியும் கப்பியும் வைத்து நெளிந்த உலோகத்தை நூலிழை நூலிழையாக அந்தக் கோட்டுக்கு இழுத்தார். ஆறு வாரம் பிடித்தது. பிறகு அதே கருவியோடு வேலையைத் தொடர்ந்தார். முக்கோணங்கள் குமரிமுனைவரை சென்றன.

தஞ்சையில் அப்போது அரசராக இருந்தவர் இரண்டாம் சரபோஜி. சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தவர், ஐரோப்பிய அறிவியல் கருவிகளையும் நூல்களையும் ஆசையோடு சேர்த்தவர். அவருடைய ஊரிலேயே இந்தியாவின் மிகச் சிறந்த கருவி உடைந்தது காலத்தின் வேடிக்கை.

அந்தக் கயிற்றை இழுத்தவர்கள் யார்? கருவியைச் சுமந்து காடு மேடெல்லாம் நடந்தவர்கள், குன்றுகளின் உச்சியில் கொடி பிடித்து நின்றவர்கள், காய்ச்சலில் விழுந்தவர்கள் யார்? அவர்களில் பெரும்பாலோருக்கு அளவைக் கதையில் பெயரில்லை, எண்ணிக்கை மட்டும்தான். ரப்பர்த் தோட்டங்களில் காட்டை வெட்டி, எல்லைக் கல் சுமந்து, சங்கிலி பிடித்தவர்களின் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தியல்ல.

துணை அலுவலர்களில் சிலரின் பெயர் மட்டும் தப்பியது. சென்னையில் 1794ல் தொடங்கப்பட்ட அளவைப் பள்ளியில் ஆதரவற்ற சிறுவர்களுக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார்கள். இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் அதுதான். ஜோஷுவா டி பென்னிங் போன்ற இளைஞர்கள் அப்படிப் பயின்று லாம்ப்டனின் வலக்கையானார்கள். லாம்ப்டனுக்கு ஊரென்றும் வீடென்றும் தனியாக இல்லை. இந்தியாவிலேயே பிள்ளைகள் பிறந்தார்கள்; மகன் ஒருவரும் அளவைப் பணிக்கே வந்தார்.

1817ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. மறு ஆண்டு இந்தப் பணி இந்தியப் பெரும் முக்கோண அளவை என்ற பெயரோடு தலைமை ஆளுநரின் நேரடிப் பொறுப்புக்கு மாறியது. உதவியாளராக வந்து சேர்ந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்குப் பிற்காலத்தில் அந்த உதவியாளரின் பெயர் சூட்டப்பட்டது. லாம்ப்டனின் பெயர் அந்த அளவுக்குப் பரவவில்லை.

எழுபதை நெருங்கும் வயதில், நலிந்த உடலோடு, ஹைதராபாத்திலிருந்து நாக்பூரை நோக்கிப் புறப்பட்டவர் வழியில் ஹிங்கன்காட்டில் இறந்தார். அதுவரை அவருடைய முக்கோணங்கள் மூடியிருந்த நிலம் ஏறத்தாழ 165,000 சதுர மைல். கல்லறை பல காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது.

தியோடலைட் அவரோடு ஓய்வு பெறவில்லை. எவரெஸ்ட் அதை எடுத்துக்கொண்டார். தஞ்சையில் பட்ட காயத்தோடு உழைத்த கருவியை 1830களில் பிரித்துப் புதுப்பிக்க ஹென்றி பாரோ என்ற கருவி வல்லுநர் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்டார். அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு அமர்த்தப்பட்டவர் ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின் உசேன். அளவைத் துறையில் கருவிகளைப் பழுது பார்த்தவர். தியோடலைட் இன்று டேராடூனில் இந்திய அளவைத் துறையிடம் இருக்கிறது.